ஐந்தாம் வகுப்புக்குத் தேறிய வாஷிங் மெஷின் ரிப்பேர்

பெருமதிப்பிற்குரிய குடும்ப ஆதரவுப் பிரிவு அலுவலர் அவர்களுக்கு, அதாவது என் மனைவியின் கூடப்பிறந்த தம்பிக்கு,

தங்கள் அக்காவின் கணவன் எழுதிக்கொண்டது. தாங்களும், தாங்கள் வேலை பார்க்கும் பள்ளியும், அங்கே தாங்கள் உட்கார்ந்து சுற்றும் நாற்காலியும் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை என்கிற அளவில் சுகம்தான். மற்றபடி தங்கள் அக்கா நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை. தங்கள் மருமகள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டுக் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டிருக்கிறாள். நான் மட்டும் கோபத்தில் இரண்டு பேர் சாப்பாட்டையும் சேர்த்துச் சாப்பிட்டேன். எல்லாவற்றுக்கும் காரணம் தங்கள் பள்ளியிலிருந்து வந்த தேர்ச்சி அறிவிப்பு.

அதில் என்ன போட்டிருக்கிறது என்று தாங்கள் பார்த்தீர்களோ இல்லையோ, நானே சொல்கிறேன். நாலாம் வகுப்பில் படித்த 'வாஷிங் மெஷின் ரிப்பேர்' என்கிற மாணவர், ஒருநாள்கூட விடாமல் போன் வழி வகுப்புக்கு வந்து, எல்லாப் பாடத்திலும் தேறி, ஐந்தாம் வகுப்புக்குப் போகிறார். நடத்தை என்ற இடத்தில் 'மிக நன்று, சத்தத்தைச் சற்றுக் குறைக்கலாம்' என்று பாராட்டு வேறு. அதே நாலாம் வகுப்பில் பெயர் கொடுத்திருக்கும் என் மகள், வருடம் முழுக்க ஒருநாளும் தலைகாட்டாத காரணத்தால் மறுபடியும் நாலாம் வகுப்பே படிக்க வேண்டுமாம். அதை வாசித்துவிட்டுக் குழந்தை என்னைக் கேட்டாள், "அப்பா, அப்ப நான் கிளாஸுக்கு வரவே இல்லையா?" தினமும் காலையில் தலைவாரிக்கொண்டு சீருடை போட்டுக்கொண்டு, பிரித்துப்போட்ட மெஷின்களுக்கு நடுவில் உட்கார்ந்த பெண் அவள். அவளுக்கு நான் என்ன பதில் சொல்வது என்று தங்கள் ஆதரவுப் பிரிவு கொஞ்சம் சொன்னால் தேவலை.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று டீச்சரை நான் குறை சொல்லவில்லை. வீட்டில் இருப்பது ஒரே ஒரு பெரிய போன், அது என் தொழில் போன், அதில் என் கடைப் பெயர்தான் இருக்கும், டீச்சர் திரையில் தெரிகிற பெயருக்குத்தானே வருகை போடுவார். நோய் வந்து பள்ளியை மூடிய முதல் வாரத்தில் அந்தப் போனில் வகுப்பை ஏற்பாடு செய்து கொடுத்தது யார்? தாங்கள்தான். "மாப்ள, பேர் தப்பா வருதே, மாத்திடட்டுமா?" என்று நான் கேட்டேன். "மாமா, புண்ணியமாப் போகும், கைய வெக்காதீங்க, அப்புறம் லிங்க் போயிடும்" என்று தாங்கள் சொன்னீர்கள். லிங்க் போகவில்லை மாப்பிள்ளை. பிள்ளைதான் போய்விட்டாள். அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டார்கள் என்பார்கள். மச்சினன் உதவினால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லி வைக்கவில்லை, அதனால்தான் ஏமாந்தேன்.

இனிமேல் இந்தத் 'தாங்கள்' எல்லாம் எனக்கு வராது. நீ உன் பிரிவிலிருந்து அனுப்பினாயே ஒரு கையேடு, 'வீட்டிலிருந்தே கற்றல்: குடும்பங்களுக்குத் துணை நிற்போம்' என்று, அதைச் சொல்கிறேன். 'குழந்தைக்கென அமைதியான ஒரு மூலையை ஒதுக்குங்கள்' என்று முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறாய். எங்கள் வீட்டில் இருக்கும் நான்கு மூலையிலும் மெஷின் நிற்கிறது. வெளியே போகக்கூடாது என்ற பிறகு வாடிக்கையாளர்கள் வாசலில் இறக்கிவிட்டு ஓடுகிறார்கள், நான் உள்ளே இழுத்துப் போடுகிறேன், அதில்தான் அடுப்பு எரிகிறது. ஒரு மெஷின் மேல் சோப்புத்தூள் டப்பா, டப்பாவில் சாய்த்த போன், அதற்கு எதிரே குழந்தை. உடற்பயிற்சி சார் எல்லாரையும் குதிக்கச் சொன்ன அன்று இவளும் குதித்தாள், மெஷின் ஆடியது, போன் வழுக்கித் திறந்திருந்த டிரம்முக்குள் விழுந்தது. நான் கையை விட்டு எடுப்பதற்குள், ஓட்டை ஓட்டையாகத் தெரிந்த டிரம்மைப் பார்த்து ஒரு பிள்ளை "சார், வாஷிங் மெஷின் ரிப்பேர் ராக்கெட்ல போறான்" என்று சொல்ல, மற்ற பிள்ளைகள் எல்லாரும் எங்களுக்கும் ராக்கெட் வேண்டும் என்று அழுதார்களாம். அதற்கு என்னிடம் விளக்கம் கேட்டார்கள்.

அதாவது போகட்டும். ஒருநாள் டீச்சர் "பூமி ஏன் சுத்துது, யாராவது சொல்லுங்க பார்ப்போம்" என்று கேட்டிருக்கிறார். அந்த நேரம் பார்த்து நான் பக்கத்தில் உட்கார்ந்து உன் அக்காவின் பட்டன் போனில் ஒரு வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டிருந்தேன். மைக் திறந்திருந்தது எனக்கு எப்படித் தெரியும்? "அது சுத்தறதே பெரிய விஷயம்மா, ரொம்பப் பழசு, பெல்ட் லூஸாயிடுச்சு, எப்ப வேணா நிக்கும்" என்று நான் சொன்னது வகுப்பு முழுக்கக் கேட்டது. அன்று சாயங்காலம் மூன்று வீட்டிலிருந்து, பிள்ளை பயந்து தூங்க மாட்டேன் என்கிறது என்று புகார் வந்ததாம். டீச்சர் மட்டும் நல்லவர். 'வித்தியாசமான சிந்தனை' என்று ஒரு நட்சத்திரம் போட்டிருக்கிறார். அந்த நட்சத்திரமும் வாஷிங் மெஷின் ரிப்பேர் கணக்கில்தான் ஏறியது.

பிறகு உன் உதவி எண். அதைப் பத்துத் தடவை அழைத்தால் ஒன்பது தடவை பாட்டு, ஒரு தடவை ஆள். அந்த ஆள் ஒரு ஆலோசகர் அம்மா. "வாஷிங் மெஷின் ரிப்பேர் வீடுங்களா? உங்க பிள்ளை மனசுல என்ன இருக்குன்னு நீங்க கேட்டதுண்டா?" என்றார். பெயரைத் திருத்துங்கள் என்று நான் சொல்ல வாயைத் திறப்பதற்குள், "ஒரு நிமிஷம், நீங்க நெஜமாவே ரிப்பேர் பண்றவரா?" என்று கேட்டுவிட்டு, அவர் வீட்டு மெஷின் துணி பிழியும்போது சமையலறை வரைக்கும் நடந்து போகிறது என்று அழாத குறையாகச் சொன்னார். வீட்டிலிருந்தே வேலையாம், மேலதிகாரி பேசும்போதெல்லாம் பின்னால் மெஷின் நடக்கிறதாம். நான் அடிக்கால்களைத் திருகி மட்டம் பார்ப்பது எப்படி என்று அரைமணி நேரம் சொல்லிக் கொடுத்தேன். "ரொம்ப ஆறுதலா இருக்குங்க" என்று வைத்துவிட்டார். உன் அக்கா கேட்டாள், "இப்ப யாரு யாருக்கு ஆதரவு குடுத்தது?"

ஆகையால் மாப்பிள்ளை, கடைசியாகக் கேட்கிறேன். வாஷிங் மெஷின் ரிப்பேர் என்று ஒரு மாணவன் இல்லை. அந்தப் போலிப் பயலின் பெயரை உடனே பதிவிலிருந்து அடிக்க வேண்டும். அவன் வந்த நாள், வாங்கிய மார்க், நட்சத்திரம் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் என் மகள் பெயருக்கு மாற்ற வேண்டும். பூமி விஷயம் தவிர மற்ற ஒவ்வொரு பதிலும் அவள் சொந்த மூளையில் உதித்தது, சத்தியம். முக்கியமாகக் கணக்குப் பரீட்சை. பின்னக் கணக்கில் ஒன்றுகூடத் தப்பில்லை. அது யார் ரத்தம் என்று நான் சொல்லத் தேவையில்லை. வெள்ளிக்கிழமைக்குள் பட்டியலை முடித்துவிடுவார்கள் என்று போட்டிருக்கிறது. அதற்குள் நடக்கவில்லையென்றால் உன் மேலதிகாரிக்கு எழுதுவேன், அவருக்கு மேலே இருப்பவருக்கும் எழுதுவேன், கடைசியில் உன் மாமியாருக்கும் எழுதுவேன். என் மகள் கூடப் படித்த பிள்ளைகள் எல்லாம் மேலே போக, இவள் மட்டும் சின்னப் பிள்ளைகளோடு உட்கார வேண்டுமா? என்னால் அதைப் பார்க்க முடியாது, அவ்வளவுதான்.

உன் மனைவிக்கு என் அன்பு. உன் கைக்குழந்தைக்கு என் முத்தம். வளர்ந்து பள்ளிக்கூடம் போகும்போது உன் போனில் அதன் சொந்தப் பெயர் இருக்கட்டும் என்று ஆசீர்வதிக்கிறேன். முகக்கவசத்தை மூக்குக்கு மேலே போடு.

இப்படிக்கு,
கொதித்துப்போயிருக்கும் உன் மாமா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது உன் அக்கா வாங்கிப் படித்துவிட்டாள். படித்ததும் பேச்சு வந்துவிட்டது. "கணக்குப் பரீட்சை எழுதினது யாருன்னு எழுதலையே" என்றாள். நான் உறைக்குப் பசை தேடப் போனேன். கட்டிலுக்கு அடியிலிருந்து இன்னொரு குரல், "அது அப்பா எழுதினது. அந்த மார்க் எனக்கு வேணாம், நான் மறுபடி எழுதறேன்." விஷயம் இதுதான். அன்று அவளுக்கு வயிற்றுவலி, தூங்கிக்கொண்டிருந்தாள். வருகையாவது பதிவாகட்டும் என்று போனுக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன், கேமராவை மூடிவிட்டு. முதல் கணக்கைப் பார்த்தேன், எழுந்திருக்க மனம் வரவில்லை. மறுநாள் டீச்சர், "வாஷிங் மெஷின் ரிப்பேர், ரொம்ப நல்லாப் போட்டிருக்கே, கண்ணு" என்றார். என்னை ஒரு டீச்சர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு கணக்கு வகுப்புக்கு மட்டும் நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆகையால் மேலே கேட்டபடி செய்ய வேண்டாம். மகள் வந்த நாளும் மற்ற மார்க்கும் அவளுக்கே போகட்டும், கணக்கை அவள் வெள்ளிக்கிழமைக்குள் எழுதித் தேறிவிடுவாள், நான்தான் சொல்லிக் கொடுக்கிறேன். ஆனால் அந்த வாஷிங் மெஷின் ரிப்பேர் பெயரை மட்டும் அடித்துவிடாதே, மாப்பிள்ளை. நான் நாலாவதோடு நின்றவன் என்பது உனக்குத் தெரியும். ஐந்தாம் வகுப்பு என்றைக்கு ஆரம்பம் என்று சொல், அன்றைக்கு மெஷின் எதையும் பிரிக்காமல் இருக்கிறேன்.