எட்டு மணி நேரக் காவல்

சனிக்கிழமை பக்கத்துத் தெருவிலிருக்கும் மைத்துனி வீட்டுக்குப் போவதில்லை என்று முடிவெடுத்தேன். என் மனைவியின் அக்கா அவர். அவர்மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அவருடைய கணவர், அதாவது என் சகலை, ஒரு வீடு கட்டியிருக்கிறார். கட்டி முடித்துப் பல வருஷமாகிறது. அதைப் பற்றி அவர் சொல்லும் கதை மட்டும் இன்னும் அஸ்திவாரத்தைத் தாண்டவில்லை.

எனவே முந்தின நாளே மொச்சையை ஊறப் போட்டேன். காலையில் அதை ஒரு கொதி விட்டு, தக்காளி, கேரட், பூண்டோடு ஸ்லோ குக்கரில் கொட்டினேன். பாஸ்தா பொட்டலத்தைப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வெளியே வரும் டாக்டரின் முகத்தோடு கூடத்துக்கு வந்தேன்.

"ஏங்க, இன்னும் கிளம்பலையா?"

"எப்படிம்மா வர்றது? சூப் வெச்சிருக்கேன். எட்டு மணி நேரம் வேகணும். ஆள் கூடவே நிக்கணும்."

"தானா வேகிற குக்கர்னு சொல்லித்தானே வாங்கினீங்க?"

"வேகறது தானா வேகும். பாத்துக்க ஆள் வேணாமா? தண்ணி வத்திட்டா? கடைசியில பாஸ்தா வேற போடணும். முன்னாடியே போட்டா கூழாயிடும்."

"அடடா, உங்களுக்குத்தான் எவ்வளவு கஷ்டம்!"

அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அவள் எனக்காக 'அடடா' சொன்னதில்லை, நான் ஏணியிலிருந்து விழுந்தபோதுகூட.

போனாள். கதவைச் சாத்தினேன். தலையணையைத் தட்டி சோபாவில் போட்டுச் சாய்ந்தேன். ஒரு கண்ணை மூடியாயிற்று. மறு கண்ணை மூடுவதற்குள் வாசல் மணி.

மனைவி. பின்னால் மைத்துனி. அவருக்கும் பின்னால், கையில் சுருட்டிய வரைபடத்தோடு, சகலை.

"நீங்க தனியா நின்னு கஷ்டப்படுவீங்களேன்னு மனசு கேக்கலை. அத்தானைத் துணைக்குக் கூட்டிட்டு வந்துட்டேன். நானும் அக்காவும் சினிமாவுக்குப் போயிட்டு, அப்படியே கடைக்கும் போயிட்டு வர்றோம். அத்தான், இவரை குக்கரை விட்டு நகர விடாதீங்க!"

"நீ நிம்மதியா போயிட்டு வாம்மா." சகலை நாற்காலியை சமையலறைக்கே இழுத்துப் போட்டார். "அப்ப தம்பி, கிணத்துல தண்ணி வரலைன்னு சொன்னேன்ல..."

உப்புப் பார்க்கும் சாக்கில் குக்கரின் குமிழை 'ஹை'க்குத் திருப்பினேன். பாதி நேரமாவது மிச்சமாகுமே! சகலை பேச்சை நிறுத்தாமலே கையை நீட்டி, அதை 'லோ'வுக்குக் கொண்டுவந்தார்.

"உங்க வீட்டம்மா உத்தரவு. மெதுவாத்தான் வேகணுமாம்."

சாயங்காலம் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தோம். மொச்சை வெண்ணெயாக வெந்திருந்தது. பாஸ்தா குழையவில்லை. கூழாகியிருந்தது நான் மட்டும்தான்.

"பிரமாதங்க! பாஸ்தா எப்பப் போட்டீங்க?" என்றாள் மனைவி.

"கடைசி அரை மணியில."

"அதுவரைக்கும் அங்க என்ன வேலை இருந்துச்சு?"

கரண்டியை எடுத்து சகலைக்கு இன்னும் கொஞ்சம் சூப் ஊற்றினேன்.

"அடுத்த சனிக்கிழமைக்காகக் கேக்கறேன். ஆள் நிக்கணும்னா அத்தானை இங்க வரச் சொல்லிடறேன். நிக்க வேணாம்னா நாம அங்க போயிடலாம். நீங்களே சொல்லுங்க."

யோசித்துப் பார்த்தேன். எந்தப் பதிலைச் சொன்னாலும் அதன் மறுமுனையில் சகலை உட்கார்ந்திருந்தார்.