நாற்பத்து மூன்று படியும் ஒரு சுற்றுப்பலகையும்

அன்புத் தங்கை நொபுயேவுக்கு,

அண்ணன் ஹிரோமிச்சி நலம். உன் நலம் அறிய ஆவல். நாகசாகியில் மழை விட்டு, துறைமுகக் காற்றில் குளிர் ஏறத் தொடங்கிவிட்டது. சப்போரோவில் இந்நேரம் பனி கொட்டியிருக்கும். மாப்பிள்ளை கூரை மேல் ஏறிப் பனி தள்ளாமல் பார்த்துக்கொள். நீ அனுப்பிய கணவாய்க் கருவாடு வந்து சேர்ந்தது. பற்கள் போராடிக்கொண்டிருக்கின்றன.

உனக்கு நன்றி சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன் கொஞ்சம் கோபப்பட்டுக்கொள்கிறேன். எனக்கு முழங்கால் அறுவை முடிந்த கையோடு, "வருஷக் கடைசிக்குள்ள படியேறி நடக்கலேன்னா வீட்டைப் பூட்டிட்டு எங்களோட வந்து இருண்ணா"ன்னு நீ சொன்னாய். அதிலிருந்து எனக்குத் தூக்கம் போனது, ஆனால் நடை மட்டும் வரவில்லை. மனிதனுக்கு ஊக்கம் எங்கிருந்து வருகிறது என்று மூன்று தடிப் புத்தகம் அனுப்பினாய். காலைத் தூக்கி வைத்துக்கொள்ள அந்த உயரம் மிகச் சரியாக இருந்தது. அப்புறம் காலடி எண்ணும் கருவி அனுப்பி, பத்தாயிரம் அடிக்கு ஒரு பெட்டி பயறு இனிப்பு என்றாய். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அதைக் கையில் பிடித்துக்கொண்டு தொலைக்காட்சியில் சுமோ பார்த்தேன், விசிறி வீசுகிற மாதிரி ஆட்டினேன், பதினோரு பெட்டி ஜெயித்தேன், மூன்று கிலோ ஏறினேன்.

அதற்குப் பிறகுதான் சுற்றுப்பலகை வந்தது. தெருச் சங்கத்து அறிவிப்பைப் பலகையில் செருகி வீடு வீடாக விடுவார்களே, படித்துவிட்டு நம் முத்திரையைக் குத்தி அடுத்த வீட்டில் கொடுக்க வேண்டும். பலகை ஒரு வீட்டில் ஒரு ராத்திரிக்கு மேல் தங்கினால் தெருவே அந்த வீட்டைத்தான் பேசும். இத்தனை வருஷமாக என் அடுத்த வீடு சுவரை ஒட்டி இருக்கும் முடிதிருத்தகம். திடீரென்று சங்கத் தலைவர் எபிசாவா வந்து வரிசையை மாற்றிவிட்டார். இனி எனக்கு அடுத்தது கோயிலுக்கு மேலே ஹத்தானோ அம்மா வீடாம். நாற்பத்து மூன்று படி!

"முடியும்போது கொடுங்க கஜிவாரா ஐயா, அவசரமே இல்ல. பலகை உங்க வீட்டுலயே தங்கிடுச்சுன்னு நான் யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்" என்றார். அந்த ஆள் மூச்சு விடாத விஷயம் இந்தத் தெருவில் ஏதாவது உண்டா?

ரோஷத்தில் ஏறினேன். மேலே போனதும் அந்த அம்மா கதவைத் திறந்து, "நீங்க கீழ புறப்பட்டதைப் பாத்துட்டு உலை வச்சேன். சோறு வெந்து, இறக்கி, ஆறியும் போச்சு" என்றார். புருஷன் போன பிறகு வாசலுக்கே வராதவர் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், வாய் மட்டும் நன்றாகவே இருந்தது. அடுத்த வாரம் போனபோது சோறு ஆறவில்லை. அதற்கடுத்த வாரம் கொதிதான் வந்திருந்தது. போன வாரம், "ஐயய்யோ, அரிசியே களையலயே!" என்று அவர் பதறினாரே, அந்தச் சந்தோஷம் எனக்குப் பதவி உயர்வின்போது கூட வந்ததில்லை.

பலகையோ நாளுக்கு ஒன்றாக வரத் தொடங்கியது. குப்பை மேட்டில் காக்கை உலாவுகிறது என்றார்கள், சரி. நாளை செவ்வாய்க்கிழமை என்று ஒரு அறிவிப்பு வந்ததும் எனக்குச் சந்தேகம் தட்டியது. எபிசாவாவைப் போய்ப் பிடித்தேன். "உங்க தங்கச்சி போன்ல அழுதாங்கய்யா, நான் என்ன பண்ணட்டும்?" என்று சொல்லிவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் பாதித் தெரு வந்த பிறகுதான் பார்க்கிறேன், கைத்தடியை அவர் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன். அங்கேயே நின்று அழுதுவிட்டேன் நொபுயே. உனக்கு எப்படி நன்றி சொல்வேன்?

ஆனால் இனி இந்தத் தந்திரமெல்லாம் வேண்டாம். பலகையை நிறுத்தச் சொல்லிவிட்டேன். அறுபத்தெட்டு வயசு மனுஷன் தன் இஷ்டத்தில், தன் காலில், தனக்காக நடப்பான். புது வருஷத்துக்கு அங்கே வருகிறேன். பிடித்திருந்தால் தங்கியும் விடுகிறேன். மாப்பிள்ளைக்கு என் வணக்கம். நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் சண்டை போட்டுக்கொண்டு இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன் ஹிரோமிச்சி

பின்குறிப்பு: கடிதத்தைத் தபாலில் போடவில்லை, ஏனென்றால் நாலு நாளாக நான் வாசல் தாண்டவில்லை. தனக்காக நடக்கிற மனுஷன் மேசையை விட்டே எழுந்திருக்கலம்மா. இன்னைக்குக் காலையில பொறுக்க முடியாம, காய் நறுக்குற பலகையில ஒரு தாளை ஒட்டி, "பழுப்பு நிறக் காலுறை ஒன்று கண்டெடுக்கப்பட்டுள்ளது"ன்னு எழுதி, முத்திரை குத்தி எடுத்துக்கிட்டு மேலே போனேன். காலுறை என்னோடதுதான். ஹத்தானோ அம்மா படிச்சுப் பார்த்துட்டு, "ஒத்தைக் காலுறைக்கு ஒரு பலகையா?"ன்னாங்க. அப்புறம் மெதுவா, "நாலு நாளா உலையை வச்சுட்டு உங்க வாசலையே பாத்துக்கிட்டிருந்தேன், தெனம் சோறு குழைஞ்சுதான் போச்சு"ன்னாங்க. அதனால புது வருஷத்துக்கு என்னை எதிர்பார்க்காதே. எபிசாவாவுக்கும் போன் பண்ணாதே. அந்தக் காலுறையோட ஜோடி நாளைக்குக் கண்டெடுக்கப்படும்.