பின்பக்கமாகவே ஓடும் படகு

கோயமுத்தூரில் இரும்புக்கு ‘ங்க’ போட்டுப் பேசும் ஒரே மனிதர் எங்கள் மருவாதி அண்ணன்தான். மறுப்பவர் யாராக இருந்தாலும் என்னிடம் வரட்டும். கணபதியில் எங்கள் வீட்டுக்கு எதிரே அவருடைய லேத் பட்டறை. துருப்பிடித்த நட்டைக் கழற்றும்போது, “கொஞ்சம் எளகிக் குடுங்க சாமி, வலிக்காமப் பாத்துக்கறேனுங்க” என்பார். அதனால்தான் தெருவில் அவருக்கு அந்தப் பெயர். நட்டு அதுபாட்டுக்கு அசையாமல் இருக்கும். பார்த்துக்கொண்டிருக்கிற எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

அவர் கைபட்டுத் தண்ணீர் இறைக்காத பம்ப்செட்டு கிடையாது. அந்தத் தைரியத்தில்தான் படகிலும் கை வைத்தார்.

படகு அவருடைய ஒரே மகன் செந்திலுடையது. கேரளத்தில் பழைய மோட்டார் படகு ஒன்றை வாங்கி, லாரியில் ஏற்றி வந்து, கொடுமுடியில் காவிரியில் ஓட்டிக்கொண்டிருந்தான். ஒரு கோடையில் படகு பாறையில் ஏறிவிட்டது. அடியில் சுழலும் விசிறி கழன்று ஆற்றோடு போயிற்று. ஷாஃப்ட் வளைந்தது, கியர்பாக்ஸில் பல் உடைந்தது. அப்பாவின் பட்டறையில் கொண்டுவந்து போட்டான். சரிசெய்வதற்குள் கரூர் ரோட்டில் பைக் விபத்தில் போய்விட்டான்.

அஸ்தி கரைப்பது பற்றி உறவெல்லாம் கூடிப் பேசியபோது, அவன் அம்மா ருக்மணியக்கா பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். “எம்பையன் அவன் படகுலதான் போவானுங்க. இல்லீன்னா எங்கியும் போவேண்டாம்.”

அஸ்திக் கலயம் பட்டறை வாசல் வேப்பமரத்தில் துணி கட்டித் தொங்கியது. வருகிறவர்களெல்லாம், “இத்தனை நாள் வெச்சிருக்கலாமுங்களா?” என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அக்கா தட்டில் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு மரத்தடியில் போய் நிற்பார். சோறு ஆறிப்போகும். எனக்குத் தாங்காது.

அண்ணன் மற்ற வேலையெல்லாம் ஒதுக்கிவிட்டுப் படகில் இறங்கினார். புது ஷாஃப்ட் கடைந்தார். கியர்பாக்ஸைப் பிரித்து, “பெரியவருக்கு அடி பலமுங்க” என்றார். முன்னால் போகும் கியரைச் சரிசெய்தார். ரிவர்ஸ் கியரைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டார்.

“அதெதுக்குங்க தம்பி? ஆத்துல யாருங்க பின்னால போறாங்க?”

விசிறிதான் வினை. பழையது ஆற்றோடு போனதால், அதன் இதழ்கள் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தன என்று தெரியவில்லை. அவராக ஒரு சாய்வு வைத்து, மரத்தில் மாதிரி செய்து, உலோகம் உருக்கும் பவுண்டரியில் கொடுத்து வார்த்து வாங்கினார்.

“சாய்வு மாறிப் போயிருந்தா?” என்று கேட்டேன்.

“ரெண்டு வயரை மாத்திக் குடுத்தா நேராச் சுத்திப்போடுமுங்க.”

கோயமுத்தூர்க்காரனுக்கு அது வேதவாக்கு. மோட்டார் தப்பாகச் சுற்றினால் இரண்டு வயரை மாற்றிக் கொடுப்போம், தீர்ந்தது. எனக்கும் அது சரியென்றே பட்டது.

கொடுமுடியில் படகை இறக்கி, கயிற்றின் மறுமுனையை நான் கரையில் பிடித்துக்கொண்டேன். அண்ணன் கியரைப் போட்டார். படகு கம்பீரமாகப் பின்னால் போயிற்று. இழுத்துக் கரை சேர்த்தேன். விசிறியின் சாய்வு மாறித்தான் போயிருந்தது. அவர் மூடியைத் திறந்து உள்ளே எதையோ தேடினார்.

“என்னங்ணா தேடறீங்க?”

“வயருங்க.”

“அண்ணா, இது டீசல் இன்ஜினுங்க. கரண்டு மோட்டார் இல்லீங்க.”

அவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. கலயத்தை மடியில் வைத்துப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்த அக்காவைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

“வேற வார்த்துட்டு இன்னொரு நா வரலாமுங்க அம்மணி” என்றார் அண்ணன்.

“எப்படிப் போனா என்னங்க? அவன் படகுதானுங்களே” என்று அக்கா ஏறிவிட்டார். பின்னாலேயே நானும் ஏறிக்கொண்டேன்.

சடங்கு செய்த ஐயர் கரையிலிருந்து சொன்னார். “கரைச்சதும் திரும்பிப் பாக்கப்படாதும்மா. பாக்காம வந்துடணும்.”

நடு ஆற்றில் அக்கா கலயத்தைக் கவிழ்த்தார். எல்லாம் போன பிறகும் கையைத் தண்ணீரிலேயே வைத்திருந்தார். அண்ணன் படகின் பின்பக்கத்தைக் கரைக்குத் திருப்பினார். கழுத்தைத் திருப்பிக் கரையைப் பார்த்தபடிதான் அவர் ஓட்ட முடியும். அக்கா உட்கார்ந்த பலகையோ முன்பக்கம் பார்த்தது. மகனைக் கரைத்த இடம் அவருக்கு நேர் எதிரே இருந்தது. அவர் கண்ணை எடுக்கவில்லை.

“தெரியுதுங்களா அம்மணி?” என்று அண்ணன் கரையைப் பார்த்தபடியே கேட்டார்.

“தெரியுதுங்க. மெல்லப் போங்க.”

அண்ணன் வேகத்தைக் குறைத்தார்.

கரையில் ஐயர் முகத்தைச் சுளித்தார். “நான் எங்கீங்க சாமி திரும்புனேன்? உக்காந்தது உக்காந்தபடிதானுங்க வந்தேன்” என்றார் அக்கா. ஊர் திரும்பும் வழியில் அவராகவே இட்லி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

சரியான விசிறி வார்க்க அண்ணனுக்கு இப்போது தெரியும். மாற்றிவிடலாமே என்றேன்.

“வேண்டாமுங்க தம்பி. வருசா வருசம் அம்மணி பாத்துட்டு வரணுமுங்களே.”

திதிக்கு மூன்று பேரும் போகிறோம். அக்கா தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வருகிறார். அண்ணன் கரையைப் பார்த்து ஓட்டுகிறார். நான் அண்ணனைப் பார்த்துக்கொண்டு வருகிறேன்.