சோதனை அண்ணாச்சியும் அறுநூறு கிலோமீட்டரும்

விருதுநகர் மாவட்டத்தில் சோதனை அண்ணாச்சியின் கை படாத சட்டைப் பையே கிடையாது. முதலாளி, தொழிலாளி, கணக்குப்பிள்ளை, கல்யாண மாப்பிள்ளை என்று எல்லோரையும் தடவிப் பார்த்தவர். சாமியே நேரில் வந்து "என்ன வரம் வேண்டும்?" என்று கேட்டிருந்தாலும், "அது இருக்கட்டும், மொதல்ல கையத் தூக்குங்க" என்றுதான் சொல்லியிருப்பார்.

சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அவருக்கு கேட் செக்கிங் வேலை. காலையில் வேலைக்கு வரும் ஆண்களிடம் தீப்பெட்டி, பீடி, செல்போன், இரும்புச் சாமான் எதுவும் இல்லை என்று பார்த்து உள்ளே விட வேண்டும். பெண்களைப் பார்க்கத் தனியாக ஓர் அக்கா உண்டு. மற்ற கம்பெனிகளில் இதை ஒப்புக்குச் செய்வார்கள். அண்ணாச்சி சட்டையின் தையல் பிரிந்த இடத்தைக்கூட விடமாட்டார். ஆணி அடித்த செருப்போடு வந்த சொந்த முதலாளியையே மே மாத வெயிலில் வெறுங்காலோடு உள்ளே அனுப்பினவர். "முதலாளி செருப்புன்னா ஆணி ஒரசாதாக்கும்?" என்று கேட்டார். பாவம், அந்த மனுஷன் குதித்துக் குதித்துத்தான் ஆபீஸ் போய்ச் சேர்ந்தார்.

அவர் மகள் கல்யாணத்துக்கு நானும் போயிருந்தேன். மண்டப வாசலில் இந்தப் பக்கம் பன்னீர், அந்தப் பக்கம் அண்ணாச்சி. ஓமம் வளர்க்க வந்த ஐயரிடமிருந்தே தீப்பெட்டியைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். முகூர்த்தம் நெருங்கி ஐயர் அழாத குறையாகக் கெஞ்சியபோது ஒரே ஒரு குச்சியைக் கொடுத்துவிட்டு, மணல் வாளியோடு பக்கத்திலேயே நின்றார். சம்பந்தி வீட்டில் அதை இன்னும் சொல்லிக் காட்டுகிறார்களாம்.

வீடு ஏழாயிரம்பண்ணையில். ஆனால் கம்பெனி வேனில் அவருக்கு இடமில்லை. ஏறினால் உள்ளே இருக்கும் அத்தனை பேரையும் இறக்கிச் சோதிக்காமல் வண்டியை எடுக்க விடமாட்டார் என்பதால், வேன்காரர்களே கையெடுத்துக் கும்பிட்டு அவரை இறக்கிவிட்டார்கள். இருபது வருஷமாகப் போகவும் வரவும் சைக்கிள்தான். வயது ஐம்பதைத் தொட்டாலும் கெண்டைக்கால் மட்டும் இருபத்தைந்திலேயே நின்றுவிட்டது. அந்தக் கெண்டைக்கால் மேல்தான் காதர் பாய்க்குக் கண்.

காதர் பாய் விருதுநகர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். செல்போனில் பாம்பு விளையாட்டு மட்டும் இருந்த காலம் அது. மதுரையில் ஒரு சங்கம், தர்ம காரியத்துக்காகத் தொடர் சைக்கிள் போட்டி ஒன்றை அறிவித்தது. விருதுநகரில் கிளம்பி சாத்தூர், ஏழாயிரம்பண்ணை, சிவகாசி வழியாகத் திரும்ப விருதுநகர். ஒரு சுற்று நூறு கிலோமீட்டர். அணிக்கு நாலு பேர், தோளில் கட்டும் ஒரு மஞ்சள் பட்டையைக் கை மாற்றிக் கை மாற்றி ஓட்ட வேண்டும். பகலில் மட்டும், மூன்று நாளில் ஆறு சுற்று. கடைசி நாள் சாயங்காலம் ஐந்து மணிக்குள் முடிக்க வேண்டும். முடித்தால் என்ன தர்மம் செய்வார் என்று ஒவ்வோர் அணியும் ஒரு பெரிய மனிதரிடம் எழுதி வாங்கி வர வேண்டும்.

நான் அப்போது சிவகாசியில் ஒரு காலண்டர் ஆபீசில் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாய் என்னையும் அணியில் இழுத்துப் போட, இருவரும் எங்கள் முதலாளியிடம் போய் நின்றோம். அவர் என் தொப்பையையும் பாயின் கறுப்பு சைக்கிள்களையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"முழுசா முடிச்சீகன்னா தீக்காயத்துக்குன்னே ஒரு ஆம்புலன்ஸ் வாங்கி விடுதேன். பாதியில நின்னா ஆளுக்கு ஒரு தினசரி காலண்டர்."

எழுதியும் கொடுத்தார். அவ்வளவு சீக்கிரம் எழுதிக் கொடுத்ததிலேயே எனக்குச் சந்தேகம். காலண்டரை அப்போதே கட்டி வைத்திருப்பார்.

இன்னோர் ஆள் முத்துலட்சுமி. நாரணாபுரத்தில் பட்டாசுக்குத் திரி சொருகும் வேலை. இரண்டு வருஷத்துக்கு முன் அவளுடைய அண்ணனுக்கு வேலையிடத்தில் தீக்காயம். தூக்கிப் போக வண்டி கிடைக்காமல், கடைசியில் பேப்பர் லோடு ஏற்றும் வண்டியில் மதுரைக்குக் கொண்டு போனார்கள். உயிர் திருமங்கலம் தாண்டவில்லை. "எனக்குக் கப்பு, மெடலு ஒண்ணும் வேணாம் பாய். அந்த வண்டி மட்டும் வேணும்" என்று சொல்லித்தான் சேர்ந்தாள். அதைக் கேட்ட பிறகு எங்களுக்கும் அது விளையாட்டாக இல்லை.

நாலாவது ஆளாக அண்ணாச்சியைக் கூப்பிடப் போனோம்.

"இதுல உங்களுக்கு என்ன லாபம் பாய்?"

"ஒரு லாபமும் இல்ல அண்ணாச்சி."

"ஒண்ணுமில்லங்கீக. அப்பப் பெருசா என்னமோ இருக்கு."

மூன்று நாள் யோசித்துவிட்டு வந்து சேர்ந்தார். எங்களைக் கண்காணிக்கத்தான் சேர்ந்தார் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

சாத்தூர் வரை பாய், அங்கிருந்து ஏழாயிரம்பண்ணை வரை நான், அங்கிருந்து வெம்பக்கோட்டை வழியாகச் சிவகாசி வரை அண்ணாச்சி, கடைசியாக விருதுநகர் வரை முத்துலட்சுமி. முதல் நாள் நான் நாக்குத் தள்ளிப் போய் மஞ்சள் பட்டையை நீட்டினால், அண்ணாச்சி வாங்கவில்லை.

"கையத் தூக்குலே."

"அண்ணாச்சி, போட்டி நடக்கு!"

"நடக்கட்டும். நீ தூக்கு."

நடுவர் வாயைப் பிளந்து பார்க்க, என் கால்சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை உருவினார். "சைக்கிள் மிதிக்க எதுக்குலே தீப்பெட்டி? பெடல ஒரசிப் பத்த வைக்கப் போறியா?" அந்த நேரத்தில் மதுரை அணிக்காரன் கியர் சைக்கிளில் எங்களைத் தாண்டிப் போனான். போகிற போக்கில் சிரிக்கவும் செய்தான்.

அதோடு விட்டதா? அந்தக் கெண்டைக்காலுக்குச் சிவகாசி ஒன்றே கால் மணி நேரத் தூரம். ஒன்றே முக்கால் ஆனது. அடுத்த சுற்றிலும் அதே கதை. கேட்டால், "எதிர்க்காத்து."

"அம்புட்டுக் காத்தா?"

"அம்புட்டுக் காத்து."

போகும்போது தட்டையாக இருந்த சட்டைப் பை, வரும்போது மட்டும் புடைத்திருந்தது. பாய்க்கு வழியில் இருந்த பரோட்டாக் கடை மேல் சந்தேகம். மதுரைக்காரர்கள் ஆளை விலைக்கு வாங்கிவிட்டார்களோ என்று முத்துலட்சுமிக்குச் சந்தேகம். வெம்பக்கோட்டையில் ஒரு சின்ன வீடு இருக்குமோ என்று எனக்கு. ஊரையே சந்தேகப்பட்ட மனிதரைச் சந்தேகப்படுவதில் எங்களுக்குக் கொஞ்சம் குஷியாகவும் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்.

இரண்டாம் நாள் அவரிடம் பட்டையைக் கொடுத்துவிட்டு, தெரிந்தவர் ஒருவரின் டி.வி.எஸ். ஐம்பதை வாங்கி, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பின்னாலேயே போனேன். பரோட்டாக் கடையைத் தாண்டினார். வெம்பக்கோட்டைக்கு முன்னால், ஒரு பட்டாசு ஆலைக்குப் பிரியும் விலக்கில் சைக்கிளை நிறுத்தினார். அங்கே நின்ற லோடு வேன் டிரைவரை இறக்கி, கையைத் தூக்கச் சொல்லி, பையைத் தடவி, தீப்பெட்டியை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டு ஏறி மிதித்தார். அடுத்த விலக்கில் அடுத்த வேன். தோளில் மஞ்சள் பட்டையைப் பார்த்ததும் புது ஆபீசர் யாரோ என்று நினைத்து, ஒவ்வொருவனும் மறுபேச்சில்லாமல் கையைத் தூக்கினான்.

அன்று சாயங்காலம் பாய் கடையில் விசாரணை. அண்ணாச்சியைக் கையைத் தூக்கச் சொல்லி நானே சோதித்தேன். வாழ்நாளில் கிடைக்காத பாக்கியம். தீப்பெட்டிகளும் லைட்டர்களும் பீடிக்கட்டுகளுமாக ஒரு பெட்டிக்கடையே கொட்டியது.

"நாம ஆம்புலன்ஸுக்கு ஓட்டுதோமா, இதுக்கு ஓட்டுதோமா?" என்று கத்தினார் பாய்.

"ஆம்புலன்ஸு தேவைப்படாம பாக்கணும்லா? அத யாரு பாக்க?"

முத்துலட்சுமி கத்தவில்லை. அவர் எதிரில் வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, எங்கண்ணன் தலைய மடியில வச்சுக்கிட்டு நாந்தான் போனேன். தண்ணி தண்ணின்னுச்சு. வேற ஒண்ணும் எனக்குச் செய்யத் தெரியல. நாளைக்கு ஒருநா மட்டும் எங்கனயும் எறங்காம வாங்க. உங்களக் கும்பிட்டுக் கேக்கேன்."

அவர் கொட்டிக் கிடந்த தீப்பெட்டிகளை ஓரமாக ஒதுக்கி வைத்தார். "சரி தாயி. எறங்கல" என்றார். நாங்கள் ஒரு மணி நேரத்துக்கு மேல் பின்தங்கியிருந்தோம். இனி ஒரு வேனை நிறுத்தினாலும் காலண்டர்தான். அவர் சொன்ன சொல்லை நான் நம்பவில்லை.

ஆனால் நிறுத்தவில்லை. மூன்றாம் நாள் முதல் சுற்றில் ஒன்றே கால் மணி நேரத்தில் சிவகாசி வந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு, பல்வலிக்காரர் மாதிரி வந்தார். கடைசிச் சுற்றில் அதற்கும் ஐந்து நிமிஷம் குறைவு. நான் டி.வி.எஸ்ஸில் முன்னாலேயே வந்து முத்துலட்சுமியோடு காத்திருந்தேன். சோதனை கீதனை எதுவுமில்லாமல் பட்டையைக் கழற்றி அவளிடம் கொடுத்தார். அவள் பறந்தாள். இவர் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை, சைக்கிளை வந்த வழிக்கே திருப்பினார்.

"அண்ணாச்சி! விருதுநகர் இந்தப் பக்கம்!"

திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சின்ன வீடேதான் என்று முடிவு கட்டிக்கொண்டு நான் முத்துலட்சுமியின் பின்னால் போனேன்.

அந்த இருபத்தேழு கிலோமீட்டரை அவள் எப்படி மிதித்தாள் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஆமத்தூர் தாண்டும்போது அழுதுகொண்டே மிதித்தாள். ஐந்து மணிக்கு ஆறு நிமிஷம் இருக்கும்போது கோட்டைத் தாண்டினாள். கடைசியாக வந்த அணி நாங்கள்தான், ஆனால் முடித்துவிட்டோம். பாய் என்னைக் கட்டிப்பிடித்து என் சட்டை முழுக்க அழுதார். முதலாளியின் முகம் ஒரு நிமிஷம் வெளிறினாலும், மனிதர் சமாளித்துக்கொண்டு, மேடையில் ஆம்புலன்ஸுக்கு அடையாளமாக ஒரு முழ நீள அட்டைச் சாவியைக் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டார். படத்தில் நாங்கள் மூன்று பேர்தான்.

"அண்ணாச்சி எங்க?" என்றாள் முத்துலட்சுமி.

வந்த வழியே திரும்பிப் போனதைச் சொன்னேன். சின்ன வீட்டைச் சொல்லவில்லை. முதலாளியிடம் காரைக் கேட்டு வாங்கிக்கொண்டு மூவரும் கிளம்பினோம்.

வெம்பக்கோட்டை ரோட்டில், அதே ஆலை விலக்கில், வேலை விட்டு ஆட்களை ஏற்றிய வேன் ஒன்று நின்றிருந்தது. அதன் சாவி அண்ணாச்சியின் இடுப்பில் இருந்தது. டிரைவர் குதித்துக்கொண்டிருந்தான். "யோவ், நீரு யாருய்யா? போலீசா?" இப்போது தோளில் மஞ்சள் பட்டை இல்லையே.

"கடேசிச் சுத்துல வரும்போது பாத்தேன் பாய்" என்றார் அண்ணாச்சி எங்களைக் கண்டதும். "இந்தப் பய வண்டிக்குள்ள உக்காந்து பீடி குடிச்சுக்கிட்டு இருந்தான். தாயிக்கு வாக்குக் குடுத்துட்டேன்னு எறங்காம வந்துட்டேன். அம்புட்டுத் தூரமும் நெஞ்சு அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. ஆம்பளையாளுகளப் பாத்துட்டேன். பொம்பளையாளுக பைய நான் எப்படிப் பாக்க? பாக்காம எப்படி விட?"

உள்ளே பெண்கள் மடியில் தூக்குவாளியோடு அவரைத் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தலைமுடியிலும் சேலையிலும் வெள்ளி வெள்ளியாய்ப் பட்டாசு மருந்துத் தூள், ஒரு பொறி பட்டால் போதும். முத்துலட்சுமி அட்டைச் சாவியை என் கையில் கொடுத்துவிட்டு வேனுக்குள் ஏறினாள். ஒவ்வொரு பையாக, ஒவ்வொரு தூக்குவாளியாகத் திறந்து பார்த்தாள். "நீயுமாடி?" என்று ஒருத்தி சீறினாள். இவள் அடுத்த தூக்குவாளியைத் திறந்தாள். கடைசி சீட்டில் ஒரு கிழவியின் சுருக்குப் பையிலிருந்து இரண்டு தீப்பெட்டிகளை எடுத்தாள்.

"வீட்டு அடுப்புக்கு வாங்குனது தாயி."

"எறங்குன பெறகு தாரேன் ஆத்தா. உங்க வீடு வரைக்கும் நாங்க கார்ல பின்னாடி வாரோம்."

அண்ணாச்சி சாவியை டிரைவரிடம் கொடுத்தார். பிறகு என் கையிலிருந்த சாவியைப் பார்த்தார். வாங்கி வளைத்துப் பார்த்தார். "அட்டை! அட்டையில சாவி செஞ்சு குடுத்திருக்கான், நீங்களும் நம்பி வாங்கிட்டு வந்திருக்கீக!" என்று தலையில் அடித்துக்கொண்டார். அவர் சொன்னதும் எனக்கும் திக்கென்றது. ஆம்புலன்ஸ் மறு மாதமே வந்துவிட்டது. ஆனால் அதுவரைக்கும் நான் சரியாகத் தூங்கவில்லை.

வேன் கிளம்பியது. நாங்கள் காரில் ஏறக் கூப்பிட்டும் அண்ணாச்சி வரவில்லை. வேன் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் திரும்புகிற வரைக்கும், வேர்த்து ஒழுகிய சட்டையோடு ரோட்டு ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இனி பத்திரமாப் போய்ச் சேந்துருவாக" என்று எங்களை அதன் பின்னால் அனுப்பி வைத்தார்.

அவர் வாயிலிருந்து சந்தேகமே இல்லாமல் வந்து நான் கேட்ட ஒரே வார்த்தை அதுதான். அந்த மனுஷனை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று இதுநாள் வரை அவரிடம் சொன்னதில்லை. சொன்னால், "என்னலே திடீர்னு?" என்று என் பையைத் தடவிப் பார்ப்பார்.