ரிவால்வர் மேல் ஒரு ரேகை

மனித குலம் இதுவரை எட்டியிருக்கும் மென்மையின் சிகரம் எதுவென்று கேட்டால், அந்தக் காவல் நிலையத்தின் ஆய்வாளர் தம் ரிவால்வரைத் துடைக்கும் அழகுதான் என்று தயங்காமல் சொல்லலாம். மருந்துக் கடையில் வேலை பார்க்கும் பெண் இதற்கு நேரடிச் சாட்சி. மூன்றாவது தடவையாகப் புகாரோடு வந்து, பெஞ்சில் உட்கார்ந்து, அந்த 'அரும்பணி'யைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மேலதிகாரி ஆய்வுக்கு வருகிறார். ஆகவே நிலையமே போர்க்கால வேகத்தில் இயங்கியது. அதாவது, எல்லோரும் ரிவால்வரைச் சுற்றி நின்றார்கள்.

முதலில் குண்டுகள் வெளியே எடுக்கப்பட்டன. குண்டு அறைகள் காலியா என்று ஆய்வாளர் பார்த்தார், ஏட்டு பார்த்தார், பிறகு இருவரும் சேர்ந்து பார்த்தார்கள். எதையும் இத்தனை முறை சரிபார்க்கும் இடம் இது என்பது, புகாரை ஒருமுறைகூடப் படிக்கவைக்க முடியாத அவளுக்குப் புதுச் செய்தி.

"கம்பி பிரஷ்ஷையா எடுக்கிறே? வெளியில பட்டா கீறிடும்யா. மேல பழைய பனியன் துணிதான்."

"பித்தளை பாலிஷ் கொஞ்சம் போட்டா பளிச்சுன்னு இருக்கும்ங்கய்யா," என்றார் ஏட்டு.

ஆய்வாளர் துடித்துப்போனார். "இதென்ன உங்க வீட்டுக் குடமா? நீலப் பூச்சு அப்படியே உரிஞ்சு வந்துடும். ரெண்டு சொட்டு எண்ணெய் போதும். அதையும் துணியில விடு, இது மேல விடாதே. பச்சப் புள்ளையத் தொடற மாதிரி தொடணும்."

பெண் எழுந்தாள். "சார், என் புகார்..."

"யாரு? ஓ, பஸ் ஸ்டாப் கேஸா." ஆய்வாளர் துணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "என்ன பண்ணினான்னு சொன்னே?"

"தினமும் பைக்ல பின்னாடியே வர்றான் சார். நேத்து கையைப் பிடிச்சு இழுத்தான். எங்கம்மா வேலையே வேணாம், வீட்டுல கிடன்னுட்டாங்க. இன்னைக்கு நீங்க எதுவும் பண்ணலேன்னா என் வேலை போச்சு."

"காயம் இருக்கா?"

"இல்ல சார்."

"அப்புறம் என்ன? கை பட்டதுக்கெல்லாம் கேஸ் போட்டா, நாங்க நாட்டைக் காப்பாத்தறது எப்போ?"

நாடு அப்போது மேசைமேல் பனியன் துணியில் படுத்திருந்தது.

"படிச்ச பொண்ணு நீ. அனுசரிச்சுப் போகணும்மா," என்றார் ஏட்டு. அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். எதற்காகப் படித்தோம் என்பது அன்றைக்குத்தான் விளங்கியது.

அந்த நேரத்தில்தான் அந்தக் கொடூரம் வெளிச்சத்துக்கு வந்தது. ஆய்வாளர் ரிவால்வரை விளக்கருகே தூக்கிப் பார்த்தார். முகம் கறுத்தது. குழல்மேல் ஒரு கட்டைவிரல் ரேகை.

"எவன்யா தொட்டது?"

வாசல் கதவு சாத்தப்பட்டது. காவலர்கள் வரிசையில் நின்று கட்டைவிரலை நீட்டினார்கள். டீ கொண்டுவந்தவரையும் வரிசையில் சேர்த்தார்கள். காலையிலிருந்து யார் வந்தது, யார் போனது, யார் எங்கே சாய்ந்து நின்றது என்று வாக்குமூலங்கள் குவிந்தன. எல்லோரும் சத்தியம் செய்தார்கள், யாரும் சிக்கவில்லை.

"வியர்வையில உப்பு இருக்குய்யா," ஆய்வாளரின் குரல் தழுதழுத்தது. "இன்னைக்கு ரேகை, நாளைக்குத் துரு. தொட்டவனுக்கென்ன, தொட்டுட்டுப் போயிடுவான். அனுபவிக்கிறது இதுதானே?"

"காயம் எதுவும் இல்லையே சார்," என்றாள் பெண்.

ஆய்வாளர் முறைத்தார். "காயம் பட்டப்புறம் விசாரிச்சு என்னம்மா பிரயோஜனம்?"

காவல்துறையின் இந்த உயர்ந்த கொள்கையை அவள் அப்படியே ஏற்றுக்கொண்டாள். ஏட்டிடம் பேனாவை வாங்கி, புகாரில் ஒரு வரியை அடித்து, மேலே வேறு எழுதி நீட்டினாள்.

"என்னத்தை மாத்தினே?"

"'என் கையைத் தொட்டான்'னு இருந்துச்சு சார். அதை எடுத்துட்டு, 'ஆய்வாளரோட ரிவால்வரைத் தொட்டான்'னு போட்டிருக்கேன்."

ஏட்டு ஜீப்பைக் கிளப்ப ஓடினார். ஆய்வாளர் தம் நாற்காலியையே அவள் பக்கம் நகர்த்திப் போட்டார்.

"உட்காரும்மா. ஆள் எப்படி இருப்பான்?"