ஏரி சிபாரிசு செய்த சோப்பு

கிர்கிஸ்தானில், இஸ்ஸிக்குல் ஏரியின் தென்கரையில் இருக்கிறது எங்கள் ஊர். அந்தக் கோடையில் ஏரிக்குப் பேச்சு வந்துவிட்டது. எங்கள் யாரிடமும் அது நேரடியாகப் பேசவில்லை. எஸென்கூல் என்பவர் மூலமாகத்தான் பேசியது. ஏரிக்கும் ஒரு தரகர் வேண்டியிருந்தது போலும்.

விருந்தாளிகளுக்கு அறை விடும் கனீம் என்பவளின் வீட்டு முற்றத்தில் அவருக்குக் கம்பளம் விரித்திருந்தார்கள். காலையிலிருந்தே கூட்டம். கையில் வாளி, போர்வை, சோப்பு, பல்துலக்கி. எஸென்கூல் வெள்ளைத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, கொத்தனாரின் தூக்குக்குண்டு போன்ற ஒரு செம்புக் குண்டை நூலில் கட்டிப் பொருள்களுக்கு மேலே தொங்கவிடுவார். வலப்பக்கம் சுற்றினால் ஏரி ஏற்றுக்கொண்டது. இடப்பக்கம் சுற்றினால் விஷம். வீட்டிலிருந்து கொண்டுபோனது எதுவும் வலப்பக்கம் சுற்றியதாக எனக்கு நினைவில்லை. அவர் காரிலிருந்து இறக்கி விற்ற சரக்கு எதுவும் இடப்பக்கம் சுற்றியதாகவும் நினைவில்லை.

எங்கள் ஊரில் முக்கால்வாசி வீடுகள் விருந்தாளிகளைத் தங்கவைத்துப் பிழைப்பவை. ஏரிக்குள் தண்ணீர் வரும், வெளியேற வழி கிடையாது. நாம் துவைத்து ஊற்றுவது அங்கேயே கிடக்கும். வெளிநாட்டுக்காரர்கள் வந்ததும் முதலில் கேட்பது, உங்கள் சோப்பு ஏரியைக் கெடுக்காதா என்பதுதான். நியாயமான கேள்வி. எங்களுக்குப் பதில் தெரியவில்லை. தெரியாத இடம் எங்கே என்று மோப்பம் பிடிப்பதில்தான் எஸென்கூல் கெட்டிக்காரர். போன வருடம் இதே ஆள் பக்கத்து ஊரில் கண்ணேறு போக்கும் கல் விற்றார். வருடத்துக்கு ஒரு பயம், பயத்துக்கு ஒரு சரக்கு.

இரும்பு வாளி விஷம் என்றார். எறிந்தார்கள். பருத்தி விரிப்பு விஷம் என்றார். கண்ணாடி ஜாடிகூட விஷமாயிற்று. எல்லாம் ஊருக்குப் பின்னால் ஓடைப் பள்ளத்தில் போய் விழுந்தது. அந்த ஓடை எங்கே போகிறது? ஏரிக்குத்தான். பதிலுக்கு அவரிடம் வாங்கிய மூங்கில் பல்துலக்கி ஒவ்வொன்றும் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது, உறைகளெல்லாம் இன்னொரு பிளாஸ்டிக் பைக்குள் இருந்தன. முழுவதும் வாங்கி முடித்த வீட்டின் கதவில் பச்சை இலைச் சின்னம் ஒட்டினார். சின்னம் இல்லாத வீட்டை ஏரி கைவிட்டுவிடுமாம்.

சின்னத்துக்காகக் கனீம் தன் கறவைப் பசுவை விற்றாள். அவள் வீட்டுப் பாலாடையைத் தின்னத்தான் விருந்தாளிகள் தேடி வருவார்கள். இப்போது பாலாடை நகரத்திலிருந்து பிளாஸ்டிக் டப்பாவில் வந்தது.

கனீமின் நாத்தனார் புரூல் மட்டும் எதுவும் வாங்கவில்லை. மூன்று அறை வைத்து நடத்துகிறவள். அவளால் ஊருக்கே கேடு என்று பேசிக்கொண்டார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆனால் காலியான தொழுவத்தைப் பார்த்த அன்று அவளுக்குப் பொறுக்கவில்லை.

மறுநாள் கூட்டத்துக்கு நடுவில் வந்து உட்கார்ந்தாள். இரண்டு சோப்புகளை வைத்தாள். ஒன்று எஸென்கூலின் பச்சை உறை. இன்னொன்று சந்தையில் விற்கும் மஞ்சள் உறை.

"எது நல்லதுன்னு ஏரிகிட்டக் கேட்டுச் சொல்லுங்கண்ணே."

பகையாளியே பணிந்துவிட்டாள் என்று அவருக்குச் சந்தோஷம். பச்சை உறைக்கு மேல் குண்டு வலப்பக்கம் அழகாகச் சுற்றியது. மஞ்சளுக்கு மேல் இடப்பக்கம்.

"இது விஷம், தங்கச்சி."

"நல்லாத் தெரியுமா?"

"ஏரி பொய் சொல்லுமா?"

புரூல் மஞ்சள் உறையைப் பிரித்தாள். உள்ளே இலை முத்திரை பதித்த எஸென்கூலின் சோப்பு. பச்சை உறைக்குள் சந்தையின் பழுப்புக் கட்டி. வீட்டிலேயே மாற்றிப் போட்டுக் கொண்டுவந்திருந்தாள்.

எஸென்கூல் அசரவில்லை. உறையின் பாவம் சோப்பில் ஒட்டிக்கொண்டது என்றார். அதற்கும் நாலைந்து தலைகள் ஆடின.

"சரி, உறையே வேணாம்," என்றாள் புரூல். அவரைத் திரும்பி உட்காரச் சொல்லிவிட்டு, நாலு தேநீர்க் கிண்ணங்களைக் கவிழ்த்து வைத்தாள். பார்த்தவர்கள் வாயைத் திறக்கவில்லை. சிலர் உதட்டைக் கடித்துக்கொண்டார்கள்.

எஸென்கூல் திரும்பினார். யோசித்தார். குண்டைத் தொங்கவிட்டார். முதல் கிண்ணம் விஷம். இரண்டாவது சுத்தம். மூன்றாவது விஷம். நான்காவது மகா சுத்தம், ஏரியே மகிழ்ந்துபோய்விட்டது என்றார்.

கிண்ணங்களை எடுத்தது கனீம். ஒன்றின் அடியிலும் ஒன்றும் இல்லை.

யாரோ ஒரு கிழவர் முதலில் சிரித்தார். பிறகு ஊரே சிரித்தது. கனீம் சிரிக்கவில்லை.

சந்தேகப்படுகிறவர்கள் முன்னால் ஏரி பேசாது என்று எஸென்கூல் முனகியபடி எழுந்தார்.

"விக்கிறப்ப மட்டும் நல்லாப் பேசுச்சே," என்றாள் கனீம்.

கார் நகர விடாமல் ஆண்கள் மறித்துக்கொண்டார்கள். கையிலிருந்த பணத்தைக் கக்கவைத்துத்தான் அனுப்பினார்கள். பசு திரும்பவில்லை. அது கசாப்புக்காரரிடம் போய்ச் சேர்ந்திருந்தது.

இனி எதைத்தான் வாங்குவது என்று கனீம் அழுதுகொண்டே கேட்டாள். புரூல் அவளை ஓடைப் பள்ளத்துக்குக் கூட்டிப்போய், அவளுடைய வாளியைத் தேடி எடுத்துக் கொடுத்தாள்.

"இது இருக்கறப்ப வேறெதுக்குடி வாங்கணும்? வாங்கித்தான் ஆகணும்னா, உள்ள என்ன இருக்கு, தீர்ந்ததும் குப்பை எங்க போகும்னு கேளு. விக்கிறவனுக்குச் சொல்லத் தெரியலன்னா எந்திரிச்சு வந்துடு."

இரண்டு நாளைக்கு ஊர் முழுக்கப் பள்ளத்தில் இறங்கித் தன் சாமானைத் தானே பொறுக்கியது. இலைச் சின்னத்தை மட்டும் சில வீடுகளில் இன்னும் கிழிக்கவில்லை. கேட்டால், எதற்கும் இருந்துவிட்டுப் போகட்டுமே என்கிறார்கள்.

இருக்கட்டும். அடுத்த எஸென்கூலுக்கு எந்தக் கதவை முதலில் தட்டுவது என்று தேடி அலையும் சிரமம் மிச்சம். அவர் கையில் நிச்சயமாக ஒரு குண்டு இருக்கும். கதவைத் திறக்கிறவரின் கழுத்துக்கு மேல் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி.