வெள்ளம் உள்ள லேப்டாப்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு ஒரு வசதி உண்டு. "எனக்குத் தெரியாது" என்று சொன்னால் யாரும் மறுபேச்சில்லாமல் நம்பிவிடுவார்கள். அந்த வசதியை நான் ஒருமுறைகூடப் பயன்படுத்திக்கொண்டதில்லை. பயன்படுத்தியிருந்தால் இன்றைக்குத் திருவனந்தபுரத்தில் ஏசி அறையில் உட்கார்ந்து, விளையாடுவதற்குச் சம்பளம் வாங்கிக்கொண்டிருப்பேன்.

எங்கள் வீடு தக்கலைக்குப் பக்கம். ஆனால் நான் வீட்டில் இருந்த நாட்கள் குறைவு. ரத்னகிரியில் மீன்பிடிப் படகுக்கு ஐஸ் உடைத்தேன். கத்தாரில் ஹெல்பராகப் போனேன். ஒரு நாள் கம்பெனியைப் பூட்டிவிட்டு முதலாளி எங்கோ போய்விட்டார். ஏழு மாதம் சம்பளம் இல்லாமல் குப்பூஸ் ரொட்டியும் தக்காளியுமாக முகாமில் கிடந்தோம். (தக்காளி உடம்புக்கு நல்லது என்கிறார்கள். ஏழு மாதம் தின்றுவிட்டுச் சொல்லட்டும்.) அந்த முகாமில்தான் ஒரு நேபாளி தன் லேப்டாப்பில் எனக்குக் கேம் விளையாடக் கற்றுக்கொடுத்தான். ஊர் திரும்பியதும், மூடப்போகிற ஒரு பிரவுசிங் சென்டரிலிருந்து பழைய டெஸ்க்டாப் ஒன்றை வாங்கினேன். அதன் பிறகு பெரும்பாவூர் பிளைவுட் கம்பெனி, திருப்பூர் சாயப்பட்டறை என்று போன இடமெல்லாம் அதையும் சுமந்தேன். பஸ்ஸில் மானிட்டர் மடியில், சிபியூ காலிடுக்கில். ஒரு கண்டக்டர் அதற்கு லக்கேஜ் டிக்கெட் போட்டார். இன்னொருவர், "டிவியா தம்பி? தங்கச்சிக்குச் சீரா?" என்று கேட்டுவிட்டு இரக்கப்பட்டு விட்டுவிட்டார்.

அப்படி இருக்கும்போதுதான் அந்த வேலை வந்தது. திருவனந்தபுரத்தில் ஒரு சின்னக் கம்பெனி. புதுக் கேம்களை விளையாடிப் பார்த்து, எங்கே பிழை இருக்கிறது என்று சொல்ல வேண்டும். சான்றிதழ் கேட்கவில்லை. ஃபோனில் ஒரு கேமை அனுப்பிச் சோதித்தார்கள். பதினொரு பிழை கண்டுபிடித்தேன். வேலை உனக்குத்தான், திங்கட்கிழமை வந்து சேர், ஆனால் பெரிய கேம்கள் ஓடுகிற லேப்டாப்பைக் கையோடு கொண்டு வா, டெஸ்க்டாப் ஆகாது என்றார்கள். (சான்றிதழ் கேட்காத கம்பெனி வேறு எதையாவது கேட்கத்தான் செய்யும். பட்டாளத்தில் சேருகிறவனிடம் துப்பாக்கியையும் நீயே கொண்டு வா என்கிற மாதிரி.)

அம்மாவுக்கு இந்த வேலை விளங்கவே இல்லை.

"குத்தம் கண்டுபிடிக்கியதுக்கா சம்பளம்? அப்பம் ஒனக்க பெரியம்மைய கூட்டிட்டுப் போ. அவளுக்கு மேனேஜர் வேலையே குடுப்பானுவ."

சிரித்து முடித்ததும் குரல் மாறியது.

"லேய், கேட்டுக்கோ. ஒனக்கு முப்பத்தொண்ணு ஆச்சு. இதும் போச்சுன்னா மறுநாளே அத்தானுக்க கூட செங்கச்சூளைக்குப் போவணும். பெறவு ஊரு சுத்தப் போறேன்னு ஒரு வார்த்தை வரப்பிடாது."

சம்மதித்தேன். அக்காவின் கணவர் சூளையில் கணக்கப்பிள்ளை. என்னை அங்கே நிறுத்த வேண்டும் என்று அவருக்கு வெகுநாள் ஆசை.

பாகங்களை நாமே தேர்ந்தெடுத்துச் சொன்னால் அதன்படி லேப்டாப் கட்டித் தருகிற கடை ஒன்று சென்னையில் இருப்பதாக என் கூட்டுக்காரன் ஷிஜு சொன்னான். ஷிஜு தக்கலையில் செல்ஃபோன் கடை வைத்திருந்தான். கண்ணாடித் திரை ஒட்டுவதில் குமிழி விழாமல் ஒட்டுவான். ஆகவே அவனுக்குக் கம்ப்யூட்டரும் தெரியும் என்று அவன் நம்பினான், நானும் நம்பினேன். பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் பட்டியல் எழுத உட்கார்ந்தோம்.

"பிராசசரு என்னது எழுதணும்?"

"நம்பரு பெரிசா இருக்கியத எழுது மக்கா. சின்ன நம்பருக்காரனுவ எல்லாம் ஆபீசுல லெட்டர் அடிக்கதுக்கு."

"ராம் எட்டு போதுமா?"

"ஏற்கனவே ஒருக்கா எட்டுல நிறுத்துனது போதும். முப்பத்திரண்டு எழுது."

கிராபிக்ஸ் கார்டுக்கு வந்தபோது என் மூளை வேலை செய்தது. டெஸ்க்டாப்பில் ஏற்கனவே நல்ல கார்டு ஒன்று இருக்கிறதே, அதை உருவி லேப்டாப்புக்குள் செருக முடியாதா என்று கேட்டேன். அந்தக் கார்டு ஒரு செங்கல் அளவு இருக்கும். லேப்டாப்போ அதில் பாதித் தடிமன்கூட இல்லை. ஷிஜு கண்ணை மூடி ஆழமாக யோசித்தான்.

"முடியும்னு வையி. கொஞ்சம் தேய்க்க வேண்டி வரும்."

தேய்க்க அரம் இல்லாததால் கார்டையும் பட்டியலிலேயே எழுதினோம். பிறகு, திருவிழா சீரியல் லைட் மாதிரி மாறி மாறி எரிகிற கீபோர்டு. அது எதற்கு என்று இரண்டு பேருக்கும் தெரியாது. இல்லாவிட்டால் மதிப்பில்லை என்பது மட்டும் தெரியும். கடைசியாக ஷிஜு பேனாவை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டான்.

"சூடுதான் சங்கதி, பாத்துக்கோ. டெஸ்க்டாப்புன்னா உள்ள காத்து ஓடும். லேப்டாப்பு அடைச்சு வச்ச இட்டிலிப் பானையாக்கும். அதுலயும் ஒனக்க வீட்டுக் கூரை ஆஸ்பெஸ்டாஸ். அப்பம் லிக்விட் கூலிங்கு உள்ளதாப் பாத்து வாங்கணும். உள்ள குழாயில வெள்ளம் ஓடிட்டே இருக்கும். எவ்வளவு வெளையாடினாலும் சூடாவாது."

எங்கள் பக்கம் தண்ணீருக்கு வெள்ளம் என்றுதான் பெயர். "இத்திரி வெள்ளம் தா" என்றால் ஒரு செம்பு வரும். 'தண்ணி' என்ற சொல் வெளியூரில் ஆபத்தானது என்று திருப்பூரில் பட்டுத் தெரிந்துகொண்டிருந்தேன். (வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் மேஸ்திரியிடம் "தண்ணி கிடைக்குமா?" என்று கேட்டேன். என் தோளில் கைபோட்டு நேராக ஒயின்ஷாப்புக்குக் கூட்டிப்போனார்.) புது மனிதரிடம் 'தண்ணி உள்ள லேப்டாப்' என்று கேட்டால் என்ன நினைப்பார்? 'லிக்விட்' என்பதோ என் வாயில் ஒவ்வொரு முறை ஒவ்வொரு விதமாக வந்தது. ஆகவே சென்னைக்காரரிடம் மரியாதையான சொல்லையே பயன்படுத்துவது என்று முடிவு செய்தேன். சென்னையில் வெள்ளம் என்று டிவியில் ஆட்களைப் படகில் ஏற்றுவதைப் பார்க்காதவன் இல்லை நான். ஆனால் அந்த வெள்ளமும் எங்கள் செம்பு வெள்ளமும் என் மண்டைக்குள் ஒன்றையொன்று சந்தித்ததே கிடையாது.

ஃபோன் போட்டேன். பட்டியலை முழுக்க வாசித்துவிட்டு விஷயத்துக்கு வந்தேன்.

"அண்ணே, இதெல்லாம் சேத்து, வெள்ளம் உள்ளதா ஒண்ணு வேணும்."

"இன்னா சார் கேட்டீங்க?"

"வெள்ளம். உள்ள வெள்ளம் போவியது."

அந்தப் பக்கம் குரல் தாழ்ந்தது. "வெள்ளத்துல போன பீஸ் எங்ககிட்ட இருக்குன்னு யாரு சார் சொன்னது?"

"எனக்க கூட்டுக்காரன்."

"இருக்கு சார், நாலு பீஸ் கிடக்குது. நீங்க சொன்ன ஐட்டம்லாம் ஒண்ணுத்துல அப்படியே கீது. ஆனா இதுக்கு கேரண்டி கிடையாது, முன்னாடியே சொல்லிட்டேன்."

எனக்கு நியாயமாகவே பட்டது. குழாய் வைத்த சாமானுக்கு யார் கேரண்டி தருவார்கள்?

"உள்ள எவ்வளவு வெள்ளம் இருக்கும்?"

"ஃபுல்லா போயிருக்கு சார். கீபோர்டு வரைக்கும்."

"கொள்ளாம், நல்லதாப் போச்சு. அப்பம் சூடாவாதுல்லா?"

"இனிமே அது எங்க சார் சூடாவப் போவுது!"

இருவரும் சிரித்தோம். எனக்கு அவர்மேல் ஒரு பாசமே வந்துவிட்டது.

"தெரிஞ்சுதானே சார் வாங்குறீங்க?"

"அண்ணே, ரெண்டு மாசமா இதத்தான் தேடிட்டு கிடக்கேன்." (உண்மையில் ரெண்டு நாள்தான், ஒரு கெத்துக்குச் சொன்னேன்.)

பாதிக்கும் குறைந்த விலை சொன்னார். நல்ல தமிழுக்கு இன்னும் மதிப்பு இருக்கிறது என்று ஷிஜுவிடம் பெருமையடித்தேன். அன்று சாயங்காலமே டெஸ்க்டாப்பை விற்றேன்.

பார்சல் சனிக்கிழமை வரவில்லை. திங்கட்கிழமை காலையில்தான் நாகர்கோவில் பார்சல் ஆபீசுக்கு வந்து சேர்ந்தது. நானும் ஷிஜுவும் போய் எடுத்தோம். பில்லில் ஆங்கிலத்தில் 'ஆஸ் இஸ்' என்று ஒரு முத்திரை குத்தியிருந்தது.

"இது என்னதுலே?"

"மாடலுக்க பேரு மக்கா," என்றான் ஷிஜு, ஒரு கணமும் யோசிக்காமல். (இருக்கிற கதியிலேயே எடுத்துக்கொள், அப்புறம் வந்து அழாதே என்று அதற்குப் பொருள். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.)

பிரித்துப் பார்க்க நேரமில்லை. பெட்டியோடு ரயில் ஏறினேன். குழித்துறை தாண்டியபோது எங்கிருந்தோ வயல் சேற்று வாசம் வந்தது. ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். ரப்பர் மரங்கள்தான் இருந்தன. மழை பெய்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கம்பெனி ஒரு மாடியில் இருந்தது. நீளமான மேசை. ஆறேழு பேர் சன்னமான லேப்டாப்புகளோடு உட்கார்ந்திருந்தார்கள். எல்லோருக்கும் மேலே ரெம்யா மேடம். என்னை அன்பாக வரவேற்று, இடம் காட்டினார்கள். நான் பெட்டியைப் பிரித்து லேப்டாப்பை மேசையில் வைத்தேன். நாலு கிலோ இருக்கும், மேசை குலுங்கியது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இதுதான் சமயம் என்று சொன்னேன்:

"இது சாதாரணம் இல்ல மேடம். உள்ள வெள்ளம் உண்டு."

மலையாளிகளுக்கும் தண்ணீர் என்றால் வெள்ளம்தான். அவர்களுக்கு நான் சொன்னது அட்சரம் பிசகாமல் புரிந்தது. பக்கத்தில் இருந்த பெண் தன் லேப்டாப்பைச் சற்றே நகர்த்தி வைத்தாள்.

பட்டனை அமுக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. சார்ஜரைச் செருகி அமுக்கினேன். மூடியைத் தட்டினேன். தூக்கிக் குலுக்கினேன். காற்று போகிற துளை வழியாக மேசைமேல் ஏதோ விழுந்தது. மிளகு அளவு நத்தை ஓடு.

பக்கத்துப் பெண் இப்போது நாற்காலியையும் நகர்த்திக்கொண்டாள்.

ரெம்யா மேடம் ஒரு ஸ்க்ரூடிரைவர் வரவழைத்து அடிப்பக்கத்தைத் திறந்தார்கள். நான் ஃபோனில் வாசித்த பாகங்கள் எல்லாமே இருந்தன. பெரிய நம்பர் பிராசசர், முப்பத்திரண்டு ராம், கார்டு. எல்லாவற்றின் மேலும் ஒரே சீராகக் காய்ந்த சேறு, சந்தனக் காப்பு சாத்தியது போல.

"இதில் வெள்ளம் கேறியதாணல்லோ!" என்றார்கள் மேடம். உள்ளே வெள்ளம் ஏறியிருக்கிறதே என்று அர்த்தம். நான் சொன்ன அதே சொல்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அங்கேயே, எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டுச் சென்னைக் கடைக்காரரைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, நீரு மனுசன்தானா? சேத்துல கிடந்தத எடுத்து எனக்கு அனுப்பியிருக்கீரு!"

"சார், நான் எத்தினி தபா கேட்டேன்? தெரிஞ்சுதானே வாங்குறீங்கன்னு. நீங்கதானே ரெண்டு மாசமா தேடுறேன்னு சொன்னீங்க?"

"நான் கேட்டது வெள்ளம் உள்ளது! வெள்ளம்னா எங்க ஊருல குடிக்கிய தண்ணி!"

"எங்க ஊர்ல அது வூட்டுக்குள்ள வரும் சார்," என்றார் அவர், சாந்தமாக.

முதலில் பக்கத்துப் பெண்தான் சிரித்தாள். பிறகு மேசை முழுக்க. ஒருவன் எழுந்து வராந்தாவுக்கே போய்விட்டான். மேடம் மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, வருத்தமாகவே கேட்டார்கள். ஃபோனில் பதினொரு பிழை பிடித்த ஆள் நீ. இந்த வாசத்தோடு ரயிலில் கொண்டு வந்திருக்கிறாய், இதில் ஒன்றுகூட உனக்குத் தெரியவில்லையா? பிழை கண்டுபிடிக்கிற வேலைக்கு வந்த ஒருவனை இதைவிடச் சுருக்கமாக வேலையை விட்டு அனுப்ப முடியாது. காத்திருப்பில் இருந்த அடுத்த ஆளை மதியத்துக்குள் கூப்பிட்டுவிட்டார்கள். அவரிடம் நல்ல லேப்டாப் இருந்ததாம்.

வீட்டில் அம்மா மரச்சீனிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். சென்னைக்காரன் ஏமாற்றுக்காரன், அவன் குடி விளங்காது என்று முடித்தேன். அம்மா கத்தியைக் கீழே வைத்தாள்.

"அவன எதுக்குப் பேசுக? நீ கேட்டதத்தான தந்தான்."

மறுநாள் காலை சூளைக்குப் போனேன். பதினான்கு மாதம், சுடாத பச்சைக்கல் அடுக்கினேன். (அங்கே எந்த விதமான கூலிங்கும் கிடையாது.) லேப்டாப்பை ஷிஜு கழற்றிப் பார்த்தான். சீரியல் லைட் மட்டும் இன்னும் எரியும் என்று அவன் கண்டுபிடித்தபோது நான் சூளைப் புழுதியோடு அவன் கடை வாசலில் நின்றிருந்தேன். அவனை அடிக்கக்கூடத் தெம்பில்லை.

'கேட்டதத்தான தந்தான்' என்று அம்மா சொன்ன அந்த ஒரு வரி வீட்டை விட்டுப் போகவே இல்லை. குழம்பில் உப்பு கூடினால் அத்தான் சொல்வார். அக்கா மகள் மார்க் ஷீட் கொண்டு வந்தால் அக்கா சொல்வாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் போதகர், கேட்டால் ஆண்டவர் தருவார் என்று பிரசங்கத்தில் சொல்லும்போதெல்லாம் எங்கள் குடும்பம் மொத்தமும் குனிந்து பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தை மறைத்துக்கொள்ளும். உருக்கமான ஜெபக் குடும்பம் என்று எங்களுக்கு ஒரு பெயர்கூட உண்டு.

இப்போது எனக்குப் பெண் பார்க்கிறார்கள். சென்ற வாரம் தரகர் வந்து உட்கார்ந்து, டைரியைத் திறந்து, என்னைப் பார்த்துக் கேட்டார்.

"தம்பிக்கு எப்படி உள்ள பொண்ணு வேணும்?"

நான் வாயைத் திறந்தேன். அடுக்களையிலிருந்து அம்மா ஓடி வந்தாள்.

"லேய், நீ வாயத் தொறக்கப்பிடாது. நான் கேட்டுக்கிடுதேன்."